அத்தானைக் குழுவிலிருந்து நீக்கியது பற்றி, கோமுவுக்கு

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள கோமு,

அத்தான் உனக்குப் போன் போடுவதற்குள் என் வாயால் நீ கேட்டுவிட வேண்டும் என்றுதான் ராத்திரியோடு ராத்திரியாக எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்பிவிடுவேன். தாள் பின்னால் தபாலில் வரும். இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடியில் வற்றல் காயப்போடுவதை நிறுத்து என்று போன தடவையே சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தானை சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக நாங்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம். பொத்தானை அழுத்தியது நான்தான். நாம் சேர்ந்து தங்கியிருந்த ஏழாம் நம்பர் அறைக்கு மாசாமாசம் முறுக்கு டின் தூக்கிக்கொண்டு வந்த மனிதரை நான் எப்படி நீக்கலாம் என்று நீ கேட்பாய். கேள். அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை பக்கம்.

அவர் போட்டது ஒரு பார்வர்டு. பதினோரு நாள் கசாயம், பிறகு இன்சுலின் ஊசிக்கு விடைகொடுங்கள், ஆங்கில மருத்துவம் மறைக்கும் ரகசியம், நூறு பேருக்குப் பகிருங்கள். இதுமாதிரி வாரம் ஒன்று வருகிறதுதான். ஆனால் அதற்குக் கீழே அத்தான் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "பேரனுக்கு நாளை தொடங்குகிறோம். முருகன் துணை." அதைப் படித்ததும் கை நடுங்கி, முதலில் குழுவைப் பார்க்காமல் அவர் மருமகளைத்தான் கூப்பிட்டேன். "இல்லைம்மா, ஊசியை நான் நிறுத்தலை, மாமா சொல்லிக்கிட்டு இருக்காங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. புத்திசாலிப் பெண்.

உனக்குத் தெரியாததில்லை, என் மகளோடு நான் பட்டதை நீ பார்த்தவள். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அத்தான் உன்னிடம் "சர்க்கரைக்கு வெந்தயம் சாப்பிடுவதில்லையா, அதுமாதிரிதான்" என்று சொல்லுவார். நமக்கு வயதான பிறகு வரும் சர்க்கரை வேறு, இந்தப் பிள்ளைகளுக்கு வருவது வேறு. இவர்களுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோய்விடுகிறது. ஊசியை நிறுத்தினால் உடம்பு சர்க்கரையை எரிக்க வழியில்லாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும். வாந்தி, வயிற்றுவலி, வாயில் பழம் அழுகினாற்போல ஒரு வாசனை, பிறகு ஆழமாக மூச்சு இழுப்பது. ஓரிரண்டு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரத்து மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிப்பதைத் தவிர மருத்துவர்கள் கையில் வேறொன்றும் இல்லை. நூறு ஆண்டுதான் ஆகிறது, கோமு. நம் பாட்டிமார் காலம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். முதல் தடவை அந்தச் செய்தியை நீக்கினேன். வாட்ஸ்அப்பில் அட்மின் நீக்கினால் அந்த இடத்தில் அட்மின் நீக்கினார் என்று எல்லோருக்கும் தெரிகிறமாதிரி ஒரு வரி நிற்கும், ஆனால் ஏன் நீக்கினார் என்று எழுத அங்கே இடம் கிடையாது. அந்த வெறும் வரி ஒரு ஆளை ஊர் நடுவில் நிறுத்திவைப்பதுபோல. அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: நீக்கினவர் உடனே கீழே காரணத்தை எழுத வேண்டும், போட்டவர் பெயரைச் சொல்லக் கூடாது. "ஊசியை நிறுத்தச் சொல்லும் எந்தச் செய்தியும் இங்கே நிற்காது. விதி இரண்டு" என்று எழுதினேன். மறுநாள் காலையில் அத்தான் திரும்பவும் அதையே போட்டார். மெயில் நர்ஸாக இருக்கும் சங்கரன்கோவில் தம்பி, எங்கள் இன்னொரு அட்மின், அத்தானைக் கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினான். சரி சரி என்றாராம். சாயங்காலம் மூன்றாவது தடவை, இந்த முறை மேலே "உண்மையை மறைக்கிறார்கள்" என்ற தலைப்போடு.

நான் அப்போதும் பொறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குக் கீழே ஒரு பதில் வந்தது. கயத்தாறு பக்கத்து ஒரு தாய், அவள் பையனுக்குக் கண்டுபிடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "ஐயா, இது எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டிருந்தாள்.

அவ்வளவுதான். அத்தானை நீக்கிவிட்டேன். அவளைக் கூப்பிட்டேன். ராத்திரி பத்தரை மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். அழுதாள். தினம் நாலு ஊசி போடும்போது பையன் கண்ணை மூடிக்கொள்கிறானாம், அதைப் பார்க்க முடியாமல்தான் கேட்டேன் என்றாள். இவளைக் குறை சொல்ல முடியுமா? அத்தானைத்தான் சொல்ல முடியுமா? அவரும் பேரன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பார்வர்டை நம்பினார். பொடி விற்க அப்பா வேஷத்தில் உள்ளே வந்த ஒரு ஏஜெண்டை நீக்கியபோது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சர்க்கரைக்குக் குணம் என்று விளம்பரம் செய்வதையே 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள், அந்த ஆளிடம் அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டான். பாசத்தில் தப்புச் செய்தியைப் போடுகிற ஆளிடம் எந்தச் சட்டத்தைச் சொல்வது?

"கொஞ்சம் பேச்சுவார்த்தை நடக்கிற இடத்தில் எதற்கு இத்தனை விதி" என்று நீ பொங்கலுக்கு வந்தபோது கேட்டாய். அப்போது சரியாகப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன், இப்போது சொல்கிறேன். குழு தொடங்கியபோது விதியே இல்லை. முப்பது நாற்பது பேர், எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். முந்நூறைத் தாண்டிய பிறகுதான் சிக்கல். ஒரு ராத்திரி ஒரு அம்மா, "சர்க்கரை மீட்டரில் எண் வராமல் 'ஹை' என்று காட்டுகிறது, என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறாள். மீட்டரால் அளக்க முடியாத அளவுக்கு ஏறிப்போனால்தான் அப்படிக் காட்டும். அன்றைக்கு வைகுண்ட ஏகாதசி. அவள் கேள்விக்கு மேல் பெருமாள் படமும் சொர்க்கவாசல் வீடியோவும் இனிய காலை வணக்கமுமாக மடமடவென்று குவிந்து, விடியும்வரை யார் கண்ணிலும் படவில்லை. நல்லவேளை, அவள் காத்திருக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள். அதற்கப்புறம் வந்ததுதான் எங்கள் முதல் விதி: வாழ்த்து, படம், வணக்கம் எதுவும் கூடாது. எத்தனை பேர் மனம் நொந்தார்கள் தெரியுமா? "நல்ல நாள் அதுவுமா ஒரு வணக்கம் சொல்லக்கூடாதா?" என்றார்கள். சொல்லலாம்தான். அதற்கென்று தனியாக ஒரு குழு போட்டுக் கொடுத்திருக்கிறோம், அங்கே வணக்கம் மழையாகப் பொழிகிறது.

மற்ற விதிகளும் இப்படி ஒவ்வொரு சம்பவத்துக்குப் பின்னால் வந்தவைதான். எத்தனை யூனிட் இன்சுலின் போட வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது, ஏனென்றால் ஒரு பிள்ளைக்குப் போதாத அளவு இன்னொரு பிள்ளையை மயங்க வைத்துவிடும். பிள்ளையின் பெயர் தெரிகிற ரிப்போர்ட்டைப் போடக் கூடாது, நாளைக்கு அந்தப் பெண் பெரியவளாகிப் பெண் கேட்டு வருகிறவன் போனில் அது இருக்கும். இவற்றில் சண்டையே இல்லை. சண்டையெல்லாம் இரண்டுங்கெட்டானாக நிற்கிற செய்திகளில்தான். "கிருஷ்ணாபுரத்தில் வேண்டிக்கொண்டேன், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி குறைந்திருக்கிறது" என்று ஒருத்தி எழுதினாள். ஒருவர் மூடநம்பிக்கை, நீக்கு என்றார். நான் நீக்கவில்லை. அவள் ஊசியும் போட்டாள், வேண்டவும் செய்தாள், அதில் நமக்கென்ன? வேண்டிக்கொண்டேன் என்பது நிற்கும். வேண்டிக்கொண்டு ஊசியை நிறுத்தினேன் என்றால் நிற்காது. வெந்தயத் தண்ணீர் நிற்கும், "வெந்தயத் தண்ணீர் போதும்" நிற்காது. கோடு எங்கே என்று தேடித் தேடி இப்படித்தான் போட்டோம். இன்னும் தீராதது ஒன்று: தன் பிள்ளைக்கு மருந்து மாற்றிவிட்டார்கள், மிச்சமிருக்கும் இன்சுலின் பேனாவை வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறார்கள். கொடுக்கிற மனசு எவ்வளவு பெரிது! ஆனால் அது குளிரில் இருந்ததா, மே மாத வெயிலில் பைக் பெட்டியில் இருந்ததா, யாருக்குத் தெரியும்? மாத்திரை போல இல்லை, சூட்டில் வீரியம் போய்விடும். இல்லாத வீட்டுக்கு அது கிடைக்காமல் தடுக்கவும் மனசு வரவில்லை. இப்போதைக்கு, குழுவில் போடாமல் சங்கரன்கோவில் தம்பியிடம் சொல்லச் சொல்லியிருக்கிறோம், அவன் பார்த்துக் கேட்டுத் தருகிறான். இது சரியான ஏற்பாடா என்று எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

எலினார் ஆஸ்ட்ரம் என்று ஒரு அம்மாள், 2009-ல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர், அதில் முதல் பெண். காடு, மீன்பிடி, வாய்க்கால் என்று பல பேர் சேர்ந்து ஆளுகிற பொதுச் சொத்துகளை உலகமெல்லாம் ஆராய்ந்தவர். நெடுங்காலம் சண்டையில்லாமல் நடந்த இடங்களில் எல்லாம் தண்டனை படிப்படியாக ஏறியதாக அவர் பார்த்தார். முதல் தப்புக்கு மிகச் சிறிய அபராதம், அடுத்ததற்குக் கொஞ்சம் கூட. எடுத்த எடுப்பில் ஊரைவிட்டு ஓட்டுவதில்லை. எனக்கு இது படித்ததும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் வாட்ஸ்அப்பில் படியே கிடையாது. ஒருத்தரை மட்டும் இரண்டு நாள் பேசாமல் இருக்கச் செய்ய வழியில்லை. ஒன்று எல்லோர் வாயையும் பூட்டி அட்மின் மட்டும் பேச வைக்கலாம், இல்லையென்றால் அந்த ஒருத்தரை வெளியேற்றலாம். நடுவில் ஒன்றுமில்லை. அந்தப் படிகளை நாங்கள்தான் கட்டினோம்: முதலில் செய்தியை நீக்கிக் காரணம் எழுதுவது, அடுத்தது வேறொரு அட்மின் போனில் பேசுவது, அதற்கடுத்தது வெளியேற்றம், ஆனால் ஒரு மாதத்துக்கு மட்டும். பிறகு நாங்களே கூப்பிட்டு, வருகிறீர்களா என்று கேட்க வேண்டும். அத்தான் இந்த மூன்று படியையும் ஏறித்தான் வெளியே போயிருக்கிறார் என்பதை நீ அவரிடம் சொல்ல வேண்டும்.

அட்மின் என்றாலே போலீஸ் வரும் என்று உங்கள் வீட்டுக்காரர் பயமுறுத்தினாரே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். யாரோ போட்ட செய்திக்கு வெறும் அட்மின் என்பதற்காகவே ஒருவர் மேல் குற்றம் சாட்ட முடியாது என்று மும்பை, கேரள உயர்நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 2021 டிசம்பரில் கரூர் வக்கீல்கள் குழு வழக்கில் நம் மதுரைக் கிளையும் அதே வழியில்தான் போனது. ஆகவே நான் எதையும் பயத்தில் நீக்கவில்லை.

இனி உன் பாடத்துக்கு வருகிறேன், டீச்சரம்மா. சங்கரன்கோவில் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறக்கி மானூர்க் கோயில் கல்வெட்டைக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? பாண்டியன் மாறஞ்சடையன் காலம், சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன். சபையில் உட்காருகிறவர்களுக்கு என்ன தகுதி என்று சொல்லிவிட்டு, கொண்டுவருகிற யோசனைக்கெல்லாம் "அன்று, அன்று", அதாவது அல்ல, அல்ல என்று குத்துக்கால் போடுகிறவர்களுக்கும் அவர்களோடு சேர்கிறவர்களுக்கும் ஆளுக்கு ஐந்து காசு தண்டம் என்று வெட்டியிருக்கிறார்களே, அதைத் தடவிப் பார்த்து நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! நிலமுள்ள, வேதம் படித்த ஆண்கள் மட்டும் உட்கார்ந்த சபை அது, நீயும் நானும் வாசலில்கூட நின்றிருக்க முடியாது என்று நீயேதான் சொன்னாய். இருந்தாலும் நாலு பேர் கூடிப் பேச வேண்டுமென்றால் பேச்சுக்கு ஒழுங்கு வேண்டும் என்று அத்தனை காலத்துக்கு முன்னால் நம் மண்ணில் யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஐந்து காசில் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார், ரயில்வேயில் வேலை, எந்த விதி கொண்டுவந்தாலும் "கூடாது" என்பார். தொந்தரவுதான். மற்ற அட்மின்கள் இரண்டு பேர் அவரை எடுத்துவிடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஆஸ்பத்திரி, கடை எதன் பெயரையும் குறை சொல்லி எழுதக் கூடாது என்று நாங்கள் ஒரு விதி கொண்டுவந்தபோது, "அப்படியென்றால் காலாவதியான சர்க்கரை பார்க்கிற ஸ்டிரிப் விற்கிற கடையைப் பற்றி எங்கே போய்ச் சொல்ல?" என்று அவர் ஒருவர்தான் கேட்டார். பில்லோடு சொன்னால் சொல்லலாம் என்று விதியையே மாற்றினோம். எல்லாவற்றுக்கும் அன்று என்கிறவன் ஒரு தடவை சரியாகச் சொல்கிறான், அந்த ஒரு தடவைக்காக அவன் உள்ளே இருக்க வேண்டும். அவரும் அத்தானும் ஒன்றில்லை. அவர் எங்களை எதிர்த்தார், அத்தான் போட்டது ஒரு பிள்ளையின் உயிரைத் தொடுகிறது. இந்த வித்தியாசத்தை மறந்தால் நான் அட்மின் இல்லை, நாட்டாமை.

அப்படி மறந்தவர்களும் இருக்கிறார்கள். குரோவேஷிய மொழி விக்கிப்பீடியாவில் 2011 தொடங்கிச் சுமார் பத்து ஆண்டு சில நிர்வாகிகள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, எதிர்த்துப் பேசினவர்களை எல்லாம் தடைசெய்து, இரண்டாம் உலகப்போர்க் கால வதைமுகாமின் வரலாற்றைக்கூடத் தங்களுக்குப் பிடித்தபடி திரித்து வைத்திருந்தார்கள். 2021-ல் விக்கிமீடியா அறக்கட்டளையே அறிக்கை வெளியிட்டது. விதிகள் எல்லாம் புத்தகத்தில் நன்றாகத்தான் இருந்தன, விதியைக் கையில் வைத்திருந்தவர்களை மாற்ற ஆளில்லை. படித்துவிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நாங்களும் ஐந்து பேர்தான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் இதற்கு மருந்து இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவள் நீதான். பராந்தக சோழன் காலம், 919, 921. குடவோலையில் பெயர் எடுத்து ஒரு ஆண்டு மட்டும் வாரியம், அதாவது ஊர்க் காரியம் பார்க்கும் குழுவில் பதவி. கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவனுக்கும் இடமில்லை, அவன் உறவுக்காரர்களுக்கும் இல்லை. எனக்கு இந்தக் கணக்குதான் பெரிதாகப் படுகிறது. அதனால் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எந்த நாள், எந்தச் செய்தி, எந்த விதிப்படி, யார் நீக்கியது என்று வரிக்கு வரி. அத்தான் செய்தியும் அதில் இருக்கிறது, என் கையெழுத்தில். வரும் தை மாதத்திலிருந்து அட்மின்கள் மாறப் போகிறோம், நான் முதலில் இறங்குகிறேன். கயத்தாறு பெண்ணைக்கூட ஒருநாள் அட்மினாக்க வேண்டும் என்று ஆசை. பயந்தவளுக்குத்தான் பயந்தவளின் கேள்வி புரியும்.

இரண்டு காரியம் உன்னிடம் கேட்கிறேன். ஒன்று, அந்த நோட்டை நீ பார்க்க வேண்டும். நீ குழுவில் இல்லை, உன் பிள்ளைகளுக்குச் சர்க்கரை இல்லை, கணக்குப் பார்க்க வெளியாள்தான் சரி. மாதம் ஒருமுறை அனுப்புகிறேன், எங்கே நான் கை ஓங்கியிருக்கிறேன் என்று நீ சிவப்பு மையில் போடு. பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்துகிறமாதிரி தாட்சண்யம் பார்க்காமல் திருத்து.

இரண்டாவது, அத்தான். ஸ்பெயினில் வலென்சியா என்ற ஊரில் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையைத் தீர்க்க வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலய வாசலில் விவசாயிகளே உட்கார்ந்து நியாயம் சொல்கிறார்கள், எல்லாம் வாய்ப்பேச்சு. இதையும் ஆஸ்ட்ரம் எழுதியிருக்கிறார். வழக்கு எந்த வாய்க்கால்காரர்களுடையதோ அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் சேர மாட்டார். அதே நியாயப்படி, அத்தான் திரும்பி வருவதை நான் முடிவு செய்யக் கூடாது. அவர் வீட்டு முறுக்கைத் தின்றவள் நான். தம்பியும் மற்ற மூன்று பேரும் முடிவு செய்வார்கள். ஆனால் அவர் வரவேண்டும் என்று எனக்கு மனசார ஆசை. பேரனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விரலில் குத்திப் பார்க்கிற தாத்தா குழுவில் வேறு யார்? அம்மாக்கள் தூங்காமல் இருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறோம், தாத்தா எழுதினால் நாலு தாத்தாக்கள் எழுந்திருப்பார்கள்.

நீ அக்காவிடம் முதலில் பேசு, அப்புறம் அவரிடம். விதியைப் பற்றிப் பேசாதே, பேரனைப் பற்றிப் பேசு. அவன் ஊசிக்குக் கண்ணை மூடிக்கொள்கிறானா என்று கேள். என் மகள் சின்னவளாக இருந்தபோது ஊசி போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஐஸ்கட்டி வைப்போம், மரத்துப்போகும். அதை அவருக்குச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, இப்போதைக்குக் கோபத்தில் கேட்க மாட்டார்.

வற்றல் காய்ந்ததும் ஒரு பொட்டலம் அனுப்பு. சுண்டைக்காய் மட்டும் போதும், மிதுக்கு வேண்டாம்.

உன்
பாரு